கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஊசி போட்ட பிறகு அந்த அரை மணி நேரம்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

பிரசவத்துக்குப் பின் சிறுநீர் அடங்காமல் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் எழுதுகிறோம்.

புதன்கிழமை ஒன்றரை மாத ஊசிக்கு வரும் தாயிடம் குழந்தையின் எடை, தாய்ப்பால், தையல், கருத்தடை எல்லாம் கேட்கிறீர்கள். சிறுநீர்க் கசிவைப் பற்றிய கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பிரசவமான முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. அவளாக வாய் திறந்து சொல்ல மாட்டாள். வீட்டில் சொன்னாலும், "பிள்ளை பெத்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வரும். சொல்கிற பெரியம்மாவுக்கும் முப்பது வருஷமாக அதே தொல்லை இருக்கலாம்.

சிசேரியன் ஆனவர்களையும் விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றைத் திறந்து எடுத்ததால் கசிவு வாய்ப்பு குறையுமே தவிர, இல்லாமல் போகாது. முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளி கட்டியது போல ஒரு தசை இருக்கிறது, இடுப்புத் தளத் தசை என்று பெயர். பத்து மாதச் சுமையை அதுதான் தாங்கியது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், பெரிய குழந்தை, வெகுநேரம் முக்கிய பிரசவம் என்றால் தூளி இன்னும் தளர்ந்திருக்கும்.

"சிறுநீர்க் கசிவு இருக்கா?" என்று வரிசையில் வைத்துக் கேட்டால் "இல்லீங்க சிஸ்டர்" என்றுதான் வரும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறீர்களே, அதுதான் நேரம். குழந்தையைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, தாயைத் தனியாக உட்காரவைத்து மூன்று விதமாகக் கேளுங்கள். இருமினா, தும்மினா, குடம் தூக்கினா சொட்டுச் சொட்டா போகுதா? திடீர்னு முட்டிக்கிட்டு வந்து, பாத்ரூம் போறதுக்குள்ள நனைஞ்சிடுதா? ராத்திரி பகல் எந்நேரமும் ஈரமாவே இருக்கா?

மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பக் கூடாது. வெகுநேரம் தடைப்பட்ட பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அல்லது பை நிரம்பி, காலியாகாமல், மேலே வழிந்துகொண்டிருக்கலாம். அப்போது அடிவயிறு புடைத்திருக்கும். இரண்டுமே அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியவை. காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் முட்டுவதே தெரியாத நிலை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் ஆகியவையும் அப்படியே.

இரண்டாவது வகைக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமித் தொற்று இருந்தால் அதற்குத்தான் மருந்து. தொற்று இல்லையென்றால் மூன்று நாளைக்கு எத்தனை மணிக்குப் போனாள், என்ன குடித்தாள், எப்போது நனைந்தது என்று குறித்துவரச் சொல்லுங்கள். டீயும் காபியும் எத்தனை டம்ளர் என்பது அதில் தெரிந்துவிடும். அவசரம் வந்ததும் ஓடாமல், உட்கார்ந்து அந்தத் தூளித் தசையை இறுக்கி, ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் போகட்டும். வாரத்துக்கு வாரம் அந்த இடைவெளியைக் கூட்டலாம். "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று முட்டாமலே போகும் வழக்கம்தான் பையைக் கெடுக்கிறது.

அதிகம் பேருக்கு இருப்பது முதல் வகை. இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்குக் கீகல் என்று பெயர். "கீகல் பண்ணும்மா" என்று ஒரு வரியில் முடித்தால் பலர் தப்பாகத்தான் செய்வார்கள். மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கச் சொல்லுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து, மேலே தூக்க வேண்டும். அவள் கை அடிவயிற்றில் இருக்கட்டும். வயிறு புடைத்தால் தூக்குவதற்குப் பதில் கீழே முக்குகிறாள் என்று அர்த்தம். அது கசிவைக் கூட்டும். புட்டமும் தொடையும் இறுகினால் வேறு தசை வேலை செய்கிறது. மூச்சைப் பிடிக்கிறாளா என்று பார்க்க, ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணவைத்தால் போதும். இன்னும் புரியவில்லையென்றால் சின்னத் துண்டைச் சுருட்டி நாற்காலியில் நீளவாக்கில் வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள். சரியாகச் செய்தால் துண்டிலிருந்து உடல் உள்வாங்குவது அவளுக்கே தெரியும்.

எட்டு விநாடி பிடித்து, அதே அளவு முழுதாகத் தளர்த்துவது ஒரு முறை. தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறதா, மூன்றிலேயே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வேளையும் முடிவில் பத்துமுறை சட்டென்று இறுக்கி விடச் சொல்லுங்கள். படுத்துப் பழகியதும் உட்கார்ந்து, பிறகு நின்று. தனியாக நேரம் ஏது என்பாள். பால் கொடுக்க உட்காரும் வேளையோடு சேர்த்துவிடுங்கள். இருமல் வருவதற்கு முன், குடம் தூக்குவதற்கு முன் தசையை இறுக்கும் பழக்கம் ஒன்றே பல பெண்களுக்கு முதல் நிவாரணம். நிறைகுடம் ஏறத்தாழ 15 கிலோ என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதையே பயிற்சியாகச் சிலர் செய்கிறார்கள். கூடாது, பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும்.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று தாயும் நினைக்கிறாள், பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று வீடும் நினைக்கிறது. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலம் இறுகும், முக்கி முக்கிப் போவதில் தளர்ந்த தூளி இன்னும் இறங்கும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கிற அளவு தண்ணீரும், கீரை, பழமும் வேண்டும். வயிற்றில் துணி கட்டுவதை நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். இறுக்காமல் கட்டச் சொல்லுங்கள். இறுக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழேதான் போகும்.

பயிற்சி முழுப் பலன் தர மூன்று மாதம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுவதுதான் தோல்விக்குப் பெரிய காரணம். தடுப்பூசி அட்டவணை இதற்கென்றே போட்டது போல இருக்கிறது: 6-வது வாரம் கேட்டுச் சொல்லிக்கொடுங்கள், 10-வது வாரம் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள், 14-வது வாரம் எத்தனை விநாடி பிடிக்கிறாள், எத்தனை தடவை நனைகிறது என்று எழுதுங்கள். அப்போதும் கொஞ்சமும் மாற்றமில்லை, அல்லது கீழே ஏதோ இறங்கி நிற்பது போல இருக்கிறது என்றால் மகளிர் மருத்துவரிடமும் எங்களிடமும் அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள்; பக்கவாத நோயாளிகளின் பட்டியலோடு இந்தத் தாய்மார்களின் பெயரையும் அவர்களிடம் கொடுக்கலாம்.

வருகிற புதன்கிழமைக்குத் தேவை, ஊசி போடும் மேசையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாற்காலி, ஒரு துண்டு. மறைப்புக்குப் பழைய சேலை ஒன்று கட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
இடுப்புத் தளத் தசைப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டுகள்