அடித்து எழுத இடம் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 27 பேரும் சேர்ந்து எழுதிய கையெழுத்துப் புத்தகம் போன வாரம் ஊர் நூலகத்துக்குப் போய்விட்டது. அதற்குத் துணை நின்றவர்களுக்கு அவர்களின் தமிழாசிரியை எழுதும் நன்றி மடல் இது.

முதலில் எங்கள் தலைமையாசிரியருக்கு. ‘அடித்தல் திருத்தல் கூடாது’ என்று கேட்டே வளர்ந்தவள் நான். பதினோரு ஆண்டுகளாக அதையேதான் பிள்ளைகளுக்கும் சொன்னேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். 27 கட்டுரை நோட்டிலும் ஒரே கட்டுரை இருக்கும். இதை மாற்றிப் பார்க்கிறேன் என்றபோது, சார் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகளையும் சேர்த்துக் கொடுத்தார். பேசி, குறித்து, எழுதி, படித்துக்காட்டி, மாற்றி எழுத ஒரு பாடவேளை போதவே போதாது.

ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பாடம் எடுத்த அம்மாவுக்கு அடுத்த நன்றி. அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரேவ்ஸ் 1978 முதல் 1980 வரை ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் எழுதுவதைக் கூடவே இருந்து கவனித்தார் என்று முதலில் சொன்னவர் அவர்தான். எழுதி முடித்த நோட்டைத் திருத்துவதைவிட, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார் என்பார். அது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்ல! ஒரு பக்கம் வீணான தாள்களைச் சாக்குப்பையில் சேர்த்து வைத்து மாதாமாதம் கொடுத்தார். நோட்டில் அடிக்கப் பயந்த பிள்ளைகள் அந்தத் தாளில் பயமில்லாமல் அடித்தார்கள். அதுதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

ஒரு பையன் மழையைப் பற்றி எழுதினான். ‘மழை இயற்கையின் கொடை. மழைநீரைச் சேமிப்போம்.’ அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், “உங்க வீட்ல மழை பெஞ்சா என்னடா ஆகும்?” அவன் சொல்லத் தொடங்கினான். சொன்னதையே எழுது என்றேன். நான்காவது தாளில் இப்படி வந்தது: ‘அம்மா ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். ஒழுகாத இடம் கட்டில் மட்டும்தான். அதில் குட்டியைப் படுக்க வைத்தோம். நாங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்தோம்.’ எழுத்துப்பிழைகளை அதற்குப் பிறகுதான் பார்த்தோம். முன்பெல்லாம் முதல் வரியிலேயே சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன், இந்த ஆட்டுக்குட்டி வெளியே வந்தே இருக்காது.

வீட்டுச் சேதியைப் பள்ளியில் எழுதலாமா என்று தயங்கிய பெற்றோரும் கடைசியில் சம்மதித்தார்கள். அவர்களின் நம்பிக்கை பெரிது. தையல்கார அக்கா பழைய பாவாடைத் துணியில் அட்டை போட்டுப் புத்தகத்தைத் தைத்துத் தந்தார். நூலகர் அதை அலமாரியில் வைக்காமல், நாளிதழ் கிடக்கும் மேசையிலேயே போட்டிருக்கிறார்.

அந்தப் பையனின் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து, யாரையோ படிக்கச் சொல்லி, ஆட்டுக்குட்டிப் பக்கத்தை இரண்டு முறை கேட்டாராம். வந்ததற்கு உங்களுக்கும் நன்றி, தாத்தா.

ஜெராக்ஸ் அண்ணா, சாக்கு காலி. ஜூன் மாதம் வருகிறேன்.

அன்புடன்,
ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை