அணைத்து வைத்திருக்கும் அந்த இரண்டாவது சர்வரை எழுப்புங்கள்

கல்லூரி, பல்கலைக்கழகக் கணினி மையப் பொறுப்பாளர்களுக்கும், அவர்கள் கேட்கும் கருவிகளுக்குக் கையெழுத்திடும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கல்லூரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். சில ஆண்டுகளுக்கு முன், தேர்வு முடிவு வந்த காலையில் எங்கள் தளம் விழுந்துவிட்டது. ஃபோனில் ஒரு அப்பா: "சார், பாப்பா நம்பரைப் போட்டா வெள்ளையாவே நிக்குது. ஃபெயிலா சார்?" அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ரேக்கைப் பார்த்தேன். மேல்தட்டில் ஒரு சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் அதே மாடலில் இன்னொன்று, 'ஸ்டாண்ட்பை' என்று ஸ்டிக்கர் ஒட்டி, அணைந்து கிடந்தது. அதை எழுப்பி வேலையைக் கைமாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது.

அடுத்த கூட்டத்தில், வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் பெட்டிக்கான கொட்டேஷன் மேசைக்கு வந்தது. உங்கள் மேசைக்கும் இப்படி ஒன்று வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பெட்டியே விழுந்தால் என்ன செய்வது? அதற்கும் ஜோடியாக இன்னொன்று வாங்க வேண்டும். நமக்குத் தேவையானதோ ஏற்கெனவே ரேக்கில் இருக்கிறது.

ஹெச்ஏபிராக்ஸி, கீப்அலைவ்டி என்று இரண்டு மென்பொருள்கள். இரண்டும் ஓப்பன் சோர்ஸ், உரிமக் கட்டணம் கிடையாது. ஹெச்ஏபிராக்ஸியை வில்லி டாரோ என்ற நிரலாளர் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு சர்வரிலும் இவற்றை நிறுவுங்கள். வரும் கோரிக்கைகளை இரண்டு வெப் சர்வருக்கும் பிரித்துக் கொடுப்பது ஹெச்ஏபிராக்ஸியின் வேலை. தளத்தின் ஐபி முகவரி எந்த சர்வரிடம் இருக்க வேண்டும் என்பதைக் கீப்அலைவ்டி பார்த்துக்கொள்ளும். முதன்மை சர்வர் வினாடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். தொடர்ந்து மூன்று முறை அந்தக் குரல் வராவிட்டால், மற்றது அதே ஐபியைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு 'இனி இந்த முகவரி என்னிடம்' என்று நெட்வொர்க் ஸ்விட்சுக்கு அறிவித்துவிடும். நான்கு வினாடிக்குள் இந்தக் கைமாற்றம் முடிந்துவிடும். விஆர்ஆர்பி என்ற இந்த நெறிமுறை 1998லேயே ஆர்எஃப்சி 2338 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்தது.

தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் இரண்டு ஐபியைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சர்வர் செத்தது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. செத்த முகவரியையும் அது கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

நாங்கள் அடிபட்டுக் கற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை, அந்த 'இருக்கிறேன்' குரல் போகும் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரியை ஃபயர்வால் மறித்துவிட்டது. ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. இரண்டுமே 'நான்தான் முதன்மை' என்று ஒரே ஐபியைப் பிடித்துக்கொண்டன. சிலருக்குத் தளம் திறந்தது, சிலருக்கு இல்லை. காரணம் பிடிபட அரை நாள் ஆயிற்று. பிறகு ஒரு நாள் ஹெச்ஏபிராக்ஸி மட்டும் நின்றுபோனது. மெஷின் உயிரோடு இருந்ததால் ஐபி நகரவே இல்லை. ஹெச்ஏபிராக்ஸி ஓடுகிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்டைக் கீப்அலைவ்டியில் கட்டாயம் சேருங்கள். யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்று குறித்து வைக்கும் லாகின் செஷன்களை அந்தந்த சர்வரின் ஃபைலில் வைக்காமல், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் மாணவர் பாதி விண்ணப்பத்தில் வெளியே தள்ளப்படுவார். டேட்டாபேஸுக்கு இந்த ஏற்பாடு போதாது, அதற்குத் தனி ரெப்ளிகேஷன், அதாவது தரவை இன்னொரு சர்வருக்குத் தொடர்ந்து நகலெடுக்கும் ஏற்பாடு வேண்டும். சர்வர்கள் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், ஆனால் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: கூட்டம் மிக அதிகமான நேரத்திலும் ஒவ்வொரு சர்வரும் பாதித் திறனைத் தாண்டக் கூடாது. இரண்டும் எழுபது சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று விழுந்த கையோடு மற்றதும் விழும். அந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் தாராளமாக இன்னொரு சர்வர் வாங்குங்கள், நானே வந்து பரிந்துரைக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தேர்வு முடிவுக்கு இரண்டு வாரம் முன்பு, சாதாரண வேலை நாளின் மதியத்தில், உங்கள் சர்வர் நிர்வாகிக்கு ஒரு மணி நேரம் அனுமதி கொடுங்கள். முதல்வரும் பக்கத்தில் நிற்கட்டும். ஒருவர் தன் ஃபோனில் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் முதன்மை சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கட்டும். ஐந்து எண்ணிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்து பாருங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி சர்வர் நிர்வாகி