விடியற்காலை சிறப்பு வகுப்பு யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாகக் கடிதங்கள் வருகின்றன. ராத்திரி பன்னிரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்கள், காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை என்பதுதான் எல்லாருடைய புகாரும். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பருவமடையும்போது குரல் உடைவதும், மீசை அரும்புவதும், மாதவிலக்கு தொடங்குவதும் நமக்குத் தெரிகிறது. அதே சமயத்தில் மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரமும் பின்னால் தள்ளிப்போகிறது. அது வெளியே தெரிவதில்லை. இருட்டிய பிறகு மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்துதான் உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும். சின்ன வயதில் சுரந்த நேரத்தைவிட, வளரிளம் பருவத்தில் அது ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. போதாததற்கு, பகலெல்லாம் விழித்திருந்த அலுப்பும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறும். எட்டு மணிக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்த பிள்ளை, பதினைந்து வயதில் பத்து மணிக்குப் படுத்தாலும் புரண்டுகொண்டே கிடக்கிறதென்றால் காரணம் இதுதான். இருபது வயதை ஒட்டி இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

எல்லாம் செல்போனால் வந்த வினை என்பார்கள். போன் வெளிச்சம் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் தூக்க ஆராய்ச்சியாளர் மேரி கார்ஸ்கடனும் அவருடன் இருந்தவர்களும் இந்த மாற்றத்தைப் பருவமடைதலோடு சேர்த்துக் காட்டியது 1990-களில். அப்போது எந்தப் பிள்ளையின் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது?

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்றால் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குக் குளித்து, ரெட்டை ஜடை பின்னி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்ப ஐந்துக்கே எழ வேண்டும். மாலையிலும் சிறப்பு வகுப்பு, அப்புறம் டியூஷன், வீட்டுப்பாடம். எல்லாம் முடிந்து படுக்கப் பதினொன்று ஆகிவிடும். மிஞ்சுவது ஆறு மணி நேரம்.

அந்த ஏழு மணி வகுப்பை நானே பல வருஷம் எடுத்திருக்கிறேன். டி.என்.ஏ. இரட்டிப்பாதலைப் போர்டில் வரைந்துவிட்டுத் திரும்பினால், முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பெண்ணின் நோட்டில் மூன்று வரி முத்து முத்தாக இருக்கும். நான்காவது வரியில் எழுத்து சரிந்து, பேனா தாளின் ஓரம் வரை ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். கண் திறந்துதான் இருக்கும். அவளை நிற்கவைத்துப் பாடம் கேட்கச் சொல்வது பள்ளி வழக்கம். படித்தது மனதில் பதிவதற்கே தூக்கம் வேண்டும் என்று உயிரியல் சொல்கிறது. அந்தத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு அதே உயிரியலைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம்.

பள்ளியைத் தாமதமாகத் திறந்தால் அவர்களும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். அளந்து பார்த்தபோது, பிள்ளைகள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல், சில கிராமப்புறப் பள்ளிகள் தவிர, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

நம் பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. நீட் தேர்வோ பிற்பகல் 2 மணிக்கு. பத்து மணிக்கு எழுதப்போகிற தேர்வுக்கு ஏழு மணிக்குத் தூங்கி விழ வைப்பது என்ன பயிற்சி? பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்தில் ஊரே எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பெற்றோர் செய்யக்கூடியதும் இருக்கிறது. ராத்திரி பிள்ளையின் போனை மட்டும் வாங்கி வைத்தால் போதாது, ஹால் டிவியையும் அணைக்க வேண்டும். காலை வெயில் முகத்தில் பட்டால் உடல் கடிகாரம் கொஞ்சம் முன்னே நகரும், அதனால் எழுந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் தூங்கிவிட்டுப் போகட்டும், திட்டாதீர்கள்.

பள்ளிகளிடம் கேட்பது ஒன்றுதான். சிறப்பு வகுப்பு தேவையென்றால் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வையுங்கள், காலை வகுப்பை எடுத்துவிடுங்கள். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் திருப்புதல் தேர்வுக்கான கால அட்டவணையைப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் தலைமை ஆசிரியர்கள் கண்ணில் பட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
திண்டுக்கல்.