சங்க நிர்வாகிகளே, அந்தப் பதிவை நீக்குங்கள்

அமெரிக்காவில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "கறுப்பன் ஒருத்தன் வீடு வீடாகப் பெல் அடிக்கிறான், ஜாக்கிரதை" என்ற வரியோடு வந்தது. உங்களில் சிலர் நன்றிகூடச் சொன்னீர்கள். அவன் கழுத்தில் இன்டர்நெட் கம்பெனி அட்டை தொங்குவது படத்திலேயே தெரிகிறது. முந்தின நாள் அதே கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான். அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு கார்கள் வந்தன. அந்தப் பையன் இரு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக்கொண்டு நின்றான். பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் கையை அசைத்தான். கல்லூரி வயதுதான் இருக்கும். குரலில் பதற்றமே இல்லை. இதற்கெல்லாம் பழகியவன் போலிருந்தான். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய நம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ் போனதும் அவனும் மீதித் தெருவை விட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைய வேலை அதோடு போச்சு. பதிவு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அதை நீக்குங்கள். நீக்கினால் மட்டும் போதாது, அவன்மீது எந்தத் தவறும் இல்லை என்று சங்கத்தின் பெயரில் அதே குழுவில் எழுதுங்கள்.

"எச்சரிக்கையாக இருப்பது தப்பா?" என்று கேட்பீர்கள். 2015இல் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர் மகன் வீட்டருகே நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்து வீழ்த்தியதில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை வரை போனது. அந்தப் போலீஸ்காரர் கடைசியில் விடுதலையானார். அன்று போன் செய்தவரும் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்.

குழுவுக்கு ஒரு விதி வையுங்கள். ஆள் என்ன செய்தான் என்பதை முதலில் எழுத வேண்டும். நிறம் மட்டும் போட்டு எழுதினால் பதிவு நிற்காது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர மக்கள் போராடியதால், அக்கம்பக்கத்தார் செய்தி பகிரும் செயலியான நெக்ஸ்ட்டோர் நிறுவனமே 2016இல் இப்படி ஒரு படிவம் கொண்டுவந்தது. இனத்தைக் குறிப்பிட்டால் உடை, முடி, காலணி என்று வேறு இரண்டு அடையாளமாவது சொல்லியாக வேண்டும் என்றது அந்தப் படிவம். இன அடிப்படையில் சந்தேகிக்கும் பதிவுகள் முக்கால்வாசி குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. சந்தேகம் வந்தால் அட்டையில் இருக்கும் கம்பெனிக்குப் போன் செய்து கேட்கலாமே, போலீஸ்தானா முதல் எண்?

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் மார்ட்டின் லூதர் கிங் படத்தோடு வாழ்த்து அனுப்ப மட்டும் சங்கம் மறப்பதில்லை. அவரோடு தெருவில் இறங்கியவர்கள் கிளப்பிய அலையில்தான் 1965 குடியேற்றச் சட்டமும் வந்தது; நம்மில் பலர் இங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாப்பிள்ளை, பெண் தேடும் பகுதியில் 'நல்ல நிறம்' என்று போடுகிறோமே, அதைப் பற்றி இப்போது ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. விடுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிவை நீக்குவதற்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே செய்யலாம். விதியை எழுதி, குழுவின் மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வையுங்கள். வரைவு தேவையென்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்