மீன்தொட்டி இல்லை மக்களே

எருசலேம்
ஹனுக்கா, ஐந்தாம் மாலை

அன்பு மகளுக்கு,

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வாசலுக்கு வாசல் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீரையும் காணோம், மீனையும் காணோம்" என்று கேட்டிருந்தாய். வாய்ஸ் மெசேஜில் சொல்லலாம் என்றால் பாதியில் நான் பார்த்துக்கொள்கிற பாட்டி கூப்பிடுவார், சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

அது மீன்தொட்டி இல்லை மக்களே, விளக்குக் கூடு. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரக் கூரை, முன்பக்கம் சின்னக் கதவு. உள்ளே ஹனுக்கா என்கிற யூதர் பண்டிகைக்கு ஏற்றும் ஹனுக்கியா விளக்கு இருக்கும். மாரிக்காலக் காற்றில் திரி அணையாமல் இருக்கத்தான் கண்ணாடி. மற்ற ஊர்களில் ஜன்னலிலோ வீட்டுக்குள்ளேயோ ஏற்றிவிடுவார்கள். எருசலேமில் நிறையப் பேருக்கு வாசலில் வைத்தால்தான் திருப்தி. நான் இருக்கிற நக்லாவோத் பகுதியில் சந்தெல்லாம் நம் கடற்கரைத் தெரு மாதிரிதான், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பழைய கல்வீடுகள் சிலவற்றில் கதவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே இதற்கென்று மாடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். உன் ஆச்சி வீட்டில் மாடக்குழி இருந்ததே, அதேதான். கதவின் வலப்பக்க நிலையில் மெசூசா என்று வேத வசனச் சுருள் பதித்திருக்கும், விளக்கு இடப்பக்கம். வீட்டுக்குள் வருகிறவர் இரண்டுக்கும் நடுவே வரவேண்டும் என்பது கணக்கு.

பண்டிகையின் கதை உனக்குத் தெரிந்ததுதான். நம் பைபிளில் மக்கபேயர் என்று இரண்டு ஆகமம் இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தியோக்கு ராஜா தீட்டுப்படுத்திய எருசலேம் கோவிலை யூதா மக்கபே மீட்டு, கி.மு. 164-இல் சுத்தம் செய்து மறுபடி அர்ப்பணித்த கதை. ஒரு நாளைக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற பகுதி அதில் கிடையாது. அது பின்னால் தல்மூத் என்கிற யூதர்களின் சட்ட நூலில் வருகிறது. குளிர்காலத்தில் இயேசு சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார் என்று யோவான் எழுதுகிறாரே, அதுவும் இந்தப் பண்டிகை நாளில்தான். இத்தனை வருடம் பூசையில் கேட்டும் இங்கே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. 2024-இல் கிறிஸ்துமஸ் அன்று இரவே இவர்களுக்கு முதல் விளக்கு வந்தது. அன்றைக்கு நான் அழுதது உனக்குத் தெரியும்.

சரி, விளக்குக்கு வருகிறேன். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எட்டாம் நாள் எட்டு. எட்டில் தொடங்கித் தினம் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று ஷம்மாய் என்ற குருவின் கட்சியும், கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று ஹில்லேல் என்ற குருவின் கட்சியும் அந்தக் காலத்தில் வாதாடியிருக்கிறார்கள். ஹில்லேல் கட்சி ஜெயித்தது. எண்ணெய்ச் செலவு எப்படியும் ஒன்றுதான். திரியை வலமிருந்து வைக்க வேண்டும், ஏற்றும்போது புதுத் திரியில் தொடங்கி இடமிருந்து போகவேண்டும். நான் முதல் வருடம் தப்பாக வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்து ஒலிவ எண்ணெய் ஊற்றுவதும் திரி போடுவதும் என் வேலை. ஏற்றுவது மட்டும் சவ்தா. சவ்தா என்றால் பாட்டி, அப்படித்தான் கூப்பிடுகிறேன். நான் ஏற்றினால் அது கணக்கில் சேராது. அவருக்கோ கை நடுக்கம், ஸ்பூன் பிடித்தாலே சூப் சிந்தும். அதனால் மெழுகுதிரி அவர் விரலில், மணிக்கட்டு என் பிடியில். நான் தள்ளக்கூடாது, தாங்க மட்டும் வேண்டும். அந்த வித்தியாசம் கைக்குப் பழக இரண்டு வருடம் ஆனது. நேற்று மூன்றாவது திரி ஏற்றிக் கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. நான் தீப்பெட்டி எடுக்க ஓடினேன். வேண்டாம் என்றார். ஒழுங்காக எண்ணெய் ஊற்றி ஏற்றியாயிற்று, அப்புறம் அணைந்தால் மறுபடி ஏற்றும் கடமை இல்லையாம்.

எட்டைத் தவிர ஒன்று தனியாக நிற்கும். அதன் பெயர் ஷமாஷ், பணியாள் என்று அர்த்தம். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற, நம் கோவில்பிள்ளை மாதிரியானவரையும் அப்படித்தான் சொல்வார்களாம். அந்த எட்டு விளக்கின் வெளிச்சத்தை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. வாசிக்க, காசு எண்ண, எதற்கும் கூடாது, பார்க்க மட்டும்தான். வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்கு ஷமாஷ். கடையில் 44 மெழுகுதிரி கொண்ட பெட்டி விற்கிறார்கள், எட்டு நாளுக்கு 36, ஷமாஷுக்கு 8. ஆனால் சவ்தா வீட்டில் தினம் இரண்டு ஷமாஷ்! அவர் சிரியாவில் இருக்கிற அலெப்போ ஊர்க்காரர். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் அங்கே இடம் கிடைத்த நன்றிக்காக ஒன்று கூட ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். வந்த இடத்துக்கு நன்றி சொல்லப் பணியாளைக் கூட்டியிருக்கிறார்களே என்று எனக்கு அது பிடித்துப்போயிற்று.

அலெப்போவைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை சொன்னார். 1947 டிசம்பர் தொடக்கத்தில் அங்கே கலவரம், பெரிய ஜெபக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அடுத்த வாரமே ஹனுக்கா. அவருக்குப் பத்து வயது. அப்பா ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விளக்கைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஏற்றினாராம். ஊர் பார்க்கத்தான் இந்த விளக்கு, ஆனால் ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்று தல்மூதிலேயே சலுகை இருக்கிறது. இப்போது வாசலில் வைத்த பிறகும், கூட்டின் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிஷம் தெருவின் இரண்டு முனையையும் பார்ப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

நகரத்தில் பெரிய பெரிய விளக்குகளும் உண்டு. அழுகைச் சுவருக்கு முன்னால் ஒன்று, சந்திகளில் மின்சார விளக்குகள். பாராளுமன்றத்துக்கு எதிரே ஒரு வெண்கல விளக்கு நிற்கிறது, 1956-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொடுத்தது. அதற்கு ஏழு கிளைதான், பழைய கோவிலில் இருந்த மெனோரா விளக்கைப் போல. ஹனுக்காவுக்கு உள்ளது எட்டும் ஷமாஷும். இருபது முழத்துக்கு மேலே வைத்தால் கண் அண்ணாந்து பார்க்காது, அது செல்லாது என்று சட்டம். நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூ விளக்குகூட அதனால்தான் அந்த அளவோடு நிற்கிறது. அதற்கே கிரேன் வைத்து ஏறுகிறார்கள். எனக்கு அதெல்லாம் ஒட்டவில்லை. முழங்கால் உயரத்தில் வைத்து, தெருப் பிள்ளைகள் குந்தியிருந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கிறதுதான் விளக்கு.

அப்புறம், முக்கியமான விஷயம். விளக்கு எரிகிற முதல் அரைமணி நேரம் பெண்கள் வேலை செய்யக்கூடாது. துவைக்க, தைக்க, துடைக்க எதுவும் கூடாது. முதல் வருடம் நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஷ்வி" என்றார் சவ்தா. உட்கார் என்று அர்த்தம். இந்தச் சட்டம் உங்களுக்குத்தானே, எனக்கு இல்லையே என்றேன். "நீ பெண் இல்லையா? ஷ்வி" என்றார். உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை மக்களே. உன் அப்பா போனதிலிருந்து நான் சும்மா உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமில்லை. போனில் பேசும்போதுகூடப் பாத்திரச் சத்தம் கேட்கிறது என்று நீ சண்டை போடுவாயே.

இன்றைக்கும் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. பேப்பரும் பேனாவும் எடுத்ததும், எழுதுவது வேலையா என்று கேட்டேன். யாருக்கு என்றார். மகளுக்கு என்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, எண்ணெய் வெளிச்சத்தில் எழுதாதே என்று டியூப்லைட்டைக் காட்டினார்.

ஏஜென்ட் கடன் இன்னும் ஆறு மாதம். அதற்கப்புறம் பேசுவோம். வாசலில் நட்சத்திரம் கட்டிவிட்டாயா? போன வருடம் பல்பு ஹோல்டர் ஆடிக்கொண்டிருந்தது, மாமாவை வைத்து மாற்றச் சொல். நீ நைட் டூட்டிக்குப் போகிற நாளில் அதை அணைக்க மறக்காதே.

அரைமணி ஆகிவிட்டது. சவ்தாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா