நடுவர் தீர்ப்பு இறுதியானதாகவே இருக்கட்டும், விடை சரியாக இருக்க வேண்டாமா?

மாவட்ட அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தும் அமைப்பாளர்களுக்கும், கேள்வி தயாரிப்பவர்களுக்கும், மேடையில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாத இறுதிச் சுற்றில் நடந்தது உங்களுக்கே தெரியும், முழுக் கதையையும் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது என்று கேட்டீர்கள். என் அக்கா மகள் முதலில் பஸ்ஸரை அழுத்தி, "அப்படி எதையும் அரசு அறிவிக்கவில்லை சார்" என்றாள். தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள், அடுத்த அணி "ஹாக்கி" என்றதும் கைதட்டச் சொன்னீர்கள். அவள் காரணம் சொல்ல எழுந்தபோது, அத்தனை பேர் முன்னால், மைக்கிலேயே, "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றீர்கள்.

சரி, தீர்ப்பு இறுதியானது. விடை? 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதையேதான் கேட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே எழுத்தில் பதில் கொடுத்தது, பத்திரிகைகளிலும் வந்தது. 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கம் வாங்கிக் கொடுத்த ஆட்டம் என்பதால் ஹாக்கியை நாமாகவே அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டோம், அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் உண்மையைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்றுதான் புரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். விடைத்தாளில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிள்ளை ஆட்சேபித்தால் அந்த வரியைப் பாருங்கள்.

தோற்றதுகூடப் பரவாயில்லை, எனக்கு மனசு ஆறாதது வேறு. போட்டி முடிந்தபிறகு அவள் நோட்டைப் புரட்டினேன். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'சரியான விடை', வலப்பக்கம் 'போட்டி விடை' என்று தலைப்பு. நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமா? இடப்பக்கம் 'தெரியாது', வலப்பக்கம் 'தெரியும்'. ஐன்ஸ்டைன் பள்ளியில் கணக்கில் தோற்றாரா? 'இல்லை', 'ஆமாம்'. தங்கமீனின் ஞாபகசக்தி எவ்வளவு? 'மாதக்கணக்கில்', 'மூன்று விநாடி'. பயிற்சி கொடுத்தவர்களே இப்படி எழுதச் சொன்னார்களாம். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை, பள்ளிக்குக் கோப்பை வர வேண்டுமே. வரி அதிகாரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கடைக்காரர் இரண்டு கணக்கு வைப்பது போல, ஏழாம் வகுப்புப் பிள்ளை அறிவுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. அடுத்த போட்டிக்கு எந்தப் பக்கத்தைப் படிக்கட்டும் மாமா என்று வேறு கேட்கிறாள். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.

இத்தனைக்கும் அந்த வலப்பக்க விடை ஒவ்வொன்றும் பல காலம் முன்பே செத்துப்போனது. சீனச் சுவர் நிலவிலிருந்து தெரியலாம் என்று இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டூக்லி என்பவர் ஒரு கடிதத்தில் எழுதியது 1754-ல், அதாவது மனிதன் பலூனில்கூட ஏறாத காலத்தில். நிலவு இங்கிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர், சுவரின் அகலமோ சில மீட்டர், நிறமும் சுற்றியுள்ள மண்ணின் நிறம். 2003-ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றிவிட்டு வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சீனர்களே விட்டுவிட்டார்கள், நாம் விடுவதாயில்லை. ஐன்ஸ்டைனோ பதினைந்து வயதுக்குள் கால்குலஸ் முடித்தவர்.

இந்த விடைகள் எப்படிச் சாகாமல் இருக்கின்றன என்பதற்கு உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், கேள்வி தயாரிக்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் ஃப்ரெட் வொர்த் என்பவர் துணுக்குத் தகவல்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். யாராவது அப்படியே சுடுவார்கள் என்று சந்தேகப்பட்டு, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் 'ஃபிலிப்' என்று ஒரு பொய்யைத் தானே கற்பனை செய்து நடுவில் சொருகிவிட்டார். பிற்பாடு உலகமெல்லாம் விற்ற டிரிவியல் பர்சூட் விளையாட்டின் அட்டையில் அதே 'ஃபிலிப்' சரியான விடையாக அச்சாகி வந்தது! 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பணம் போனது அவருக்கு, மானம் போனது எடுத்து எழுதியவர்களுக்கு. உங்கள் விடைத்தாளில் எத்தனை ஃபிலிப் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

மேடையில்தான் இப்படி என்றால் வீட்டில் அதைவிட மோசம். விடிந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிடுகிறது, யுனெஸ்கோ மறுத்தே எத்தனையோ வருடம் ஆகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். காலையில் போய் நின்று பார்த்தால் நீளமாக விழுந்து கிடக்கிறது, அதில்தான் ஜனங்கள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறார்கள். 216 அடிக்குக் கல்லை அடுக்கி 1010-ல் கட்டி முடித்தான் ராஜராஜன், அது போதாதா, நிழலையும் மறைக்க வேண்டுமா அவன்? இந்தி தேசிய மொழி என்ற பொய்தான் தமிழ்நாட்டில் விலைபோகவில்லை, இந்தியை ஆட்சிமொழி என்று மட்டும் சொல்லும் அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவை இங்கே டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றதெல்லாம் 'படித்தேன் பகிர்ந்தேன்'.

ஆச்சரியத்துக்குப் பஞ்சமா என்ன? ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீலம். வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்றி வர 225 நாள்தான். கிளியோபாட்ரா வாழ்ந்த காலம், பெரிய பிரமிடு கட்டிய காலத்தைவிட 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய காலத்துக்குத்தான் பக்கம். அத்தனையும் நிஜம், கேட்டால் அரங்கமே வாய் பிளக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் தங்கமீனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் உழைத்துத்தான் இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள் என்பது தெரியும், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஜெயித்த அணியிடமிருந்து கோப்பையைத் திருப்பி வாங்க வேண்டாம், பாவம், உங்கள் தாளில் இருந்ததைத்தானே அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். அக்கா மகளின் விடை சரிதான் என்று அவள் பள்ளிக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்புங்கள், அது போதும். அப்புறம், அடுத்த சுற்றுக்கு முன்னால் விடைகளுக்குப் பக்கத்தில் ஆதாரம் எழுதும் வேலையையும் தயவுசெய்து தொடங்கிவிடுங்கள். ஆள் போதாது என்றால் சொல்லி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மதிப்பெண் இழந்த ஒரு பிள்ளையின் தாய்மாமன்