இந்த மாரி மழைக் காலத்தில் கடதாசிக் கூழ்ப் பெட்டி இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கும் தை மாதக் கலியாணங்களுக்கும், நாங்கள் கடதாசிக் கூழால் செய்யும் கூழ்ப் பெட்டி கேட்டு இப்போதே பலர் எடுத்துக் கதைக்கிறீர்கள். ஐப்பசி நடுவிலிருந்து தை முடியும்வரை கூழ்ப் பெட்டிக்கு ஓடர் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணம் சொல்லாமல் இல்லையென்பது முறையல்ல.

போன மார்கழியில் வாங்கிய ஐந்து பேர், மூடியின் உட்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிழை எங்களுடையது. காசைக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒரு பெட்டிக்குள் மகளின் சாமத்தியச் சடங்குப் படங்கள் இருந்தன. இரண்டில் கறை ஏறியிருந்தது. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றோம்.

கூழ்ப் பெட்டியின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: தண்ணீர். பழைய கொப்பித் தாள்களைக் கையால் கிழித்து இரண்டு இரவு ஊறவிடுகிறோம். கத்தரிக்கோல் வைப்பதில்லை, வெட்டினால் நார் அறுபடும், கிழித்தால் நீளமாக நிற்கும், அந்த நார்கள் ஒன்றையொன்று பின்னிப் பிடிப்பதால்தான் பெட்டி உடையாமல் இருக்கிறது. பிறகு உரலில் இடித்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைச் சேர்த்துப் பிசைகிறோம். வெந்தயத்தின் வழுவழுப்புத்தான் பசை. சுளகின் ஓட்டையை எங்கள் அம்மம்மா அடைத்ததும் இதே கூழால்தான். கவிழ்த்த சட்டியில் எண்ணெய் தடவி, விரல் தடிப்புக்கு அப்பி, காயவிடுவோம்.

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது இரண்டு மூன்று நாளில் காய்ந்து, தட்டினால் மரம்போலச் சத்தம் கேட்கும். மாரியில் அப்படியல்ல. மேல்தோல் காய்ந்து வெள்ளையாகிவிடும், நடுவில் ஈரம் நிற்கும். வெந்தயமும் சேர்ந்த ஈரம் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. கடற்காற்றின் ஈரமும் கூட. பெட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம்; குளிர்ந்தால் உள்ளே காயவில்லை. போன மார்கழியில் அவசரத்தில் அந்தச் சோதனையைச் செய்யாமல் வர்ணம் பூசிவிட்டோம். வர்ணம் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. அடுப்படியில் வைத்துக் காயவைத்தும் பார்த்தோம். ஒரு பக்கம் சுருங்கி, மூடி பொருந்தவில்லை.

மாரியிலும் செய்யக்கூடியவை கொப்பி, கடித உறை, கடதாசிப் பை. பைக்குச் சீமெந்துப் பையின் உள்தாளைத் துடைத்து எடுக்கிறோம், அதைப்போல உறுதியான தாள் வேறில்லை. கைப்பிடி முறுக்கிய கடதாசிக் கயிறுதான். நூல் போட்டால் அழகாக இருக்கும் என்கிறீர்கள். திருகோணமலைக் கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் நிற்கும் மான்கள் வீதியில் கிடப்பதையெல்லாம் தின்கின்றன. பையோடு நைலோன் நூலும் அவற்றின் வயிற்றுக்குப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கச்சான் கடலை போடும் சரைக்குப் பத்திரிகைத் தாளும் கேட்காதீர்கள், மை சாப்பாட்டில் ஒட்டும்.

நீங்கள் சேர்த்துத் தரும் கடதாசியில்தான் எங்கள் வேலை நடக்கிறது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அந்த மாதங்களிலும் உங்கள் வீட்டுப் பழைய கொப்பிகள் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. எழுதி முடித்த கொப்பி, பழைய வினாத்தாள் மிக நல்லது. பளபளக்கும் கலண்டர் கூழாகாது, கடதாசி மணி உருட்ட எடுப்போம். கடை பில் வேண்டாம், அதில் இரசாயனப் பூச்சு இருக்கிறது. சாமிப் படம் போட்ட கலியாண அழைப்பிதழ்களை நாங்கள் ஊறவைப்பதில்லை. படத்தை வெட்டி உங்களிடமே தருவோம். வங்கிக் கடிதம் தவறி வந்தாலும் அப்படியே. மழையில் கொண்டுவருவதானால் நனையாமல் கட்டிக் கொண்டுவாருங்கள்.

பங்குனியில் வெயில் ஏறியதும் பெட்டி தொடங்குவோம். வேண்டியவர்கள் பெயரைச் சொல்லி வைக்கலாம். முற்பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடதாசி வேலைக்காரர்கள்
உப்புவெளி, திருகோணமலை